எதிர்த்தவர் ஒருவரே

எமது கல்லூரியின் உயர்வகுப்பு மாணவர் ஆண்டுதோறும் மாதிரிப் பாராளுமன்றம் ஒன்றை நடத்துவது வழக்கம். இம்முறை அரசாங்கக் கட்சியில் அமர்வதற்குப் போட்டி மிகுந்திருந்தது; எதிர்க்கட்சி வாங்குகளுக்கோ ஆள் பிடிக்க வேண்டியதாயிற்று. காரணம் யாதென வினவியபோது மாணவன் ஒருவன் ஒளிவுமறைவின்றிச் சொன்னான்: "வாக்கெடுப்பில் தோற்கப் போவது முன்பே தெரிந்த விடயம், சேர். தோற்பதற்காக இரவிரவாக விழித்திருந்து பேச்சு எழுதுவானேன்?"

கேள்வி நியாயமானது என்றே எமக்குப் பட்டது. பாரதக் கதையிலே துரியோதனன் சபையில் அவன் தம்பியருள் விகர்ணன் ஒருவன் மட்டும் எழுந்து, திரௌபதிக்கு இழைக்கப்படுவது அநீதி எனக் கூறியதை எடுத்துச் சொன்னோம். "அதனால் துகிலுரிதல் நின்றதா, சேர்?" என்றான் பையன். நிற்கவில்லை. கர்ணன் விகர்ணனைச் சிறுபிள்ளை என்று இகழ்ந்து அடக்கினான். நடக்க இருந்தது நடந்தது. வழக்கு மாணவன் பக்கமே சாய்ந்தது. ஆதலின் இதிகாசத்தை அவ்வளவில் நிறுத்தி, சென்ற நூற்றாண்டின் வரலாற்றிலிருந்து ஒருவரைச் சாட்சிக்கு அழைத்தோம். அவர் தென்னாபிரிக்கப் பாராளுமன்றத்தில் 36 ஆண்டுகள் எதிர்க்கட்சி வாங்கிலே அமர்ந்திருந்த ஹெலன் சுஸ்மன் அம்மையார். வகுப்பிலே மணி அடித்தமையால் சொல்ல இயலாது போனவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகின்றோம்.

லித்துவேனியாவிலிருந்து குடிபெயர்ந்த யூதப் பெற்றோருக்கு 1917ஆம் ஆண்டு, ஜொகனஸ்பேர்க் நகருக்கு அண்மையிலுள்ள ஜேர்மிஸ்டனில் அவர் பிறந்தார். விற்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்திற் பொருளாதார வரலாறு கற்பித்தவர். இரு பெண்மக்களின் தாய். நகருக்கு வேலை தேடி வந்து போகும் ஆபிரிக்கத் தொழிலாளர் நிலைபற்றி ஆய்வு செய்யப் புகுந்தபோதே, தம் நாட்டுச் சட்டங்கள் மனிதரை எவ்விதம் அலைக்கழிக்கின்றன என்பதைப் புள்ளிவிவரங்களின் வாயிலாகக் கண்டுகொண்டார். புள்ளிவிவரம் என்னும் இச்சொல்லை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம்.

1953இல் ஐக்கியக் கட்சியின் சார்பில் ஹூட்டன் தொகுதியிலிருந்து தெரிவானார். ஹூட்டன் ஜொகனஸ்பேர்க்கின் செல்வர் வாழும் பகுதி. வாக்காளர் யாவரும் வெள்ளையர். ஐக்கியக் கட்சியோ பெயரளவில் எதிர்க்கட்சி. நிறபேத ஆட்சியை மென்மையாகக் கண்டிப்பதோடு அதன் கடமை முடிந்துவிடும். 1959ஆம் ஆண்டு, ஆபிரிக்கர்க்கு மேலும் நிலம் ஒதுக்குவதை அக்கட்சியின் மாநாடு எதிர்த்தபோது, பத்துக்கு மேற்பட்ட உறுப்பினர் பிரிந்து சென்று முற்போக்குக் கட்சியை அமைத்தனர். 1961இல் தேர்தல் வந்தது. பிரிந்து சென்றவருள் சுஸ்மன் அம்மையார் ஒருவரே, அதுவும் 600க்கும் குறைந்த பெரும்பான்மையால், மீண்டு வந்தார். அடுத்த 13 ஆண்டுகளுக்கு அவருடைய கட்சியின் தலைவர், கொறடா, நிதி விமர்சகர், நீதித்துறை விமர்சகர் எல்லாம் சபைக்குள்ளே அவரேதான்.

1963ஆம் ஆண்டு நீதி மந்திரி ஜோன் வோஸ்டர் ஒரு திருத்த மசோதாவைக் கொண்டுவந்தார். அரசியற் குற்றம் புரிந்தார் என்றோ, அதுபற்றிய தகவல் அறிந்தவர் என்றோ ஐயுறப்படுபவரைப் பொலிஸ் அதிகாரி பிடியாணையின்றிக் கைது செய்து, 90 நாட்கள் தனிமையில் வைத்து விசாரிக்கலாம். சட்டத்தரணியைக் காண உரிமையில்லை. நீதிமன்றம் தலையிட முடியாது. 90 நாள் முடிந்த மறுகணமே மீண்டும் கைது செய்யவும் தடையில்லை. அதே மசோதாவில் இன்னொரு பிரிவு. தண்டனைக் காலம் முடிந்தவரையும் விடுவிக்காது வைத்திருக்க அது வழிசெய்தது. றொபேட் சொபுக்வே என்ற ஒரே மனிதரை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட பிரிவு அது. அவர் தமது தண்டனையை முடித்த பின்னரும் றொபின் தீவிலே ஆண்டுக்கணக்காக வைக்கப்பட்டார்.

ஐக்கியக் கட்சியும் அரசாங்கத்தோடு சேர்ந்து மசோதாவின் இரண்டாம் வாசிப்பை ஆதரித்தது. நூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் அமர்ந்த அச்சபையிலே எதிர்த்தவர் சுஸ்மன் அம்மையார் ஒருவரே. மசோதா சட்டமாயிற்று. 1965இல் 90 நாள் என்பது 180 நாளாக வளர்ந்தது. 1967இன் பயங்கரவாதச் சட்டம் நாட்கணக்கையே நீக்கி, வரையறையின்றித் தடுத்து வைக்க இடமளித்தது. அப்போதும் எதிர்த்தவர் அவர் ஒருவரே.

இதுவரை கேட்டால் விகர்ணன் கதைதான். ஆனால் அவர் செய்தது வாக்கெடுப்பில் எதிர்த்ததோடு முடியவில்லை. அவருடைய உண்மையான பணி வினா நேரத்தில் நிகழ்ந்தது.

பாராளுமன்ற மரபின்படி உறுப்பினர் எவரும் மந்திரியிடம் வினா எழுப்பலாம். மந்திரி விடை கூறவேண்டும். வினாவும் விடையும் ஹன்சாட்டில் அச்சேறும். ஹன்சாட்டில் வந்ததைப் பத்திரிகைகள் அச்சமின்றி வெளியிடலாம். அந்நாட்டின் அக்கால நிலையை நோக்கினால் இது எத்துணைப் பெரிய வாயில் என்பது விளங்கும். தடை விதிக்கப்பட்டவர்களின் சொற்களை மேற்கோள் காட்டுவதே குற்றம். 1959இன் சிறைச்சாலைச் சட்டமோ, சிறை நிலைமை பற்றிய செய்தியை உரியவாறு உறுதிப்படுத்தாமல் வெளியிட்டுப் பின் அது பொய்யெனப்பட்டால் தண்டித்தது. எந்தப் பத்திராதிபர் துணிவார்? ஆனால் மந்திரியே சபையிற் கூறிய எண்ணிக்கையை வெளியிடுவதற்கு எவர் தடை சொல்ல முடியும்?

அம்மையார் கேட்டார். விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டோர் எத்தனை பேர்? தடையாணை பெற்றோர் எத்தனை பேர்? தூக்கிலிடப்பட்டோர் எத்தனை பேர், அவர்கள் எவ்வினத்தவர்? பாஸ் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடரப்பட்டோர் எத்தனை பேர்? ஆண்டுக்காண்டு கேட்டார். 16 வயதைக் கடந்த ஆபிரிக்கர் ஒவ்வொருவரும் அடையாளப் புத்தகத்தைக் கையோடு வைத்திருக்க வேண்டும், அனுமதியின்றி நகரிலே 72 மணித்தியாலத்துக்கு மேல் தங்கக்கூடாது என்பது பாஸ் சட்டம். அதன்கீழ் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் பிடிபட்டனர் என்பதும், ஓராண்டில் நூற்றுக்கு மேற்பட்டோர் தூக்குமேடை ஏறிய ஆண்டுகளும் உண்டு என்பதும் வெளியாருடைய குற்றச்சாட்டுகள் அல்ல, அரசாங்கக் கணக்குகள். மந்திரி ஒருவர் சினங்கொண்டு, வெளிநாட்டார் முன்னே தென்னாபிரிக்காவை வெட்கப்படுத்தவே நீர் இவ்வாறு கேட்கிறீர் என்றபோது, வெட்கப்படுத்துவன தம் வினாக்களல்ல, மந்திரியின் விடைகளே என்றாராம் அம்மையார். நாவன்மைக்கு அவரிடம் குறைவில்லை. மந்திரிமார் ஒருமுறையேனும் ஆபிரிக்கர் குடியிருப்புக்குச் சென்று பார்க்கவேண்டும், செல்லும்போது மனிதரைப் போல வேடம் தரித்துச் செல்லட்டும் எனவும் சொன்னவர் அவர்.

எமக்கு நெருக்கமான செய்தி ஒன்றையும் இங்கே குறிப்பிடல் தகும். 1860ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்னும் கப்பல் முதலாவது ஒப்பந்தக் கூலிகளை டர்பனில் இறக்கியது. அவர்களுடைய வழித்தோன்றல்களிலே தமிழர் பெருந்தொகையினர். 1950ஆம் ஆண்டின் இனவாரிக் குடியிருப்புச் சட்டம், தலைமுறைகளாகத் தேடிய வீட்டையும் தோட்டத்தையும் விட்டுப் பெயருமாறு அவர்களையும் பணித்தது. டர்பனின் கேட்டோ மனர் அத்தகைய ஓரிடம். அச்சட்டத்தையும் சுஸ்மன் அம்மையார் சபையிலே ஓயாது கண்டித்துவந்தார்.

உறுப்பினர் என்ற உரிமையைக் கொண்டே சிறைகளுக்கும் சென்றார். 1967இல் றொபின் தீவுக்குச் சென்றபோது, முதல் அறையிலிருந்த கைதி ஒருவர், எம்மோடு பேசி நேரத்தைச் செலவிடாதீர், வரிசையின் கடைசி அறைக்குச் சென்று மண்டேலாவுடன் பேசும் என்றார். மண்டேலா முறைப்பாடுகளை ஒழுங்காக எடுத்துரைத்தார். காவலாளன் ஒருவனுடைய கையிலே நாஸிகளின் சுவஸ்திகா பச்சை குத்தப்பட்டிருந்ததும், அவன் நடத்தையும் அவற்றுள் ஒன்று. அம்மையார் அதனை மேலிடத்துக்குக் கொண்டுசென்றார்; அக்காவலாளன் தீவிலிருந்து அகற்றப்பட்டான். ஒரு சட்டத்தையும் தோற்கடிக்க இயலாத ஒருவர் ஒரு காவலாளனை அகற்றினார் என்பது சிறிய செய்திதான். அந்த வரிசையில் அடைபட்டிருந்தோர்க்கு அது சிறியதன்று.

இதற்கெல்லாம் அவர் கொடுத்த விலையும் உண்டு. 1966 செப்டெம்பரில் பிரதமர் வெர்வூட் சபைக்குள்ளேயே குத்திக் கொல்லப்பட்டபோது, மந்திரி பி. டபிள்யூ. போத்தா அம்மையாரை நோக்கி, இதற்கெல்லாம் நீயே காரணம் என்று உறுமினார். பின்னர் சபாநாயகர் முன்னிலையில் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. இரவில் தொலைபேசியில் வசைபாடுவோர் பலர். அதற்கென ஓர் ஊதுகுழலைத் தொலைபேசியின் அருகிலே வைத்திருந்து, வசவாளனின் காதடைக்க ஊதுவது அவர் வழக்கம். வகுப்பிலே இதைச் சொன்னபோதுதான் பையன்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அவரை விமர்சிப்போரும் இருந்தனர். அவர்கள் கூற்று புறந்தள்ளத் தக்கதன்று. வெள்ளையர் மட்டும் தெரிவுசெய்யும் சபையில் அமர்வதே அச்சபைக்குக் கௌரவம் தேடித் தருவதாகும் என்றனர். கல்வி, சொத்து முதலிய தகுதியுடையார்க்கே வாக்குரிமை என்ற கொள்கையை அவர் கட்சி 1978 வரை கைவிடவில்லை. 1980களில் உலக நாடுகள் பொருளாதாரத் தடை விதிக்க முற்பட்டபோது, அது ஏழை ஆபிரிக்கரையே முதலில் வருத்தும் என அவர் எதிர்த்தார். விடுதலை இயக்கத்தார் பலர் அதனால் மனங்கசந்தனர். இவ்விடயத்தில் அவர் கணிப்புப் பிழைத்ததென்றே நாம் கருதுகின்றோம். எனினும் தடையாணைக்குட்பட்டிருந்த ஆபிரிக்கத் தலைவர் அல்பேட் லுத்துலி, அவர் பணியைப் பாராட்டிக் கடிதம் எழுதினார். சபைக்கு வெளியே வாய் கட்டப்பட்டிருந்த ஒருவரின் கடிதம் அது.

1974இல் மேலும் அறுவர் அவரோடு வந்து சேர்ந்தனர். 1986இல் பாஸ் சட்டம் நீங்கியது. 1989இல் அவர் ஓய்வு பெற்றார். அடுத்த ஆண்டு பெப்ரவரியில் மண்டேலா விடுதலையானார். 1996 டிசெம்பர் 10ஆந் திகதி, முன்பு பொலிஸார் 69 பேரைச் சுட்டுக்கொன்ற ஷார்ப்வில்லிலே புதிய அரசியல் யாப்பில் மண்டேலா கையெழுத்திட்டபோது, அம்மையாரும் அங்கே இருந்தார். 2009ஆம் ஆண்டின் முதல் நாளன்று, தமது 91ஆம் வயதில் காலமானார்.

மறுநாள் அதே மாணவன் வகுப்புக்கு வெளியே எம்மை மறித்தான். எதிர்க்கட்சியில் அமர ஒப்புக்கொள்ளவே வந்தான் என எண்ணினோம். அவன் கேட்டது வேறு: "அந்த மந்திரிமார் ஏன் சேர் உண்மைக் கணக்கைச் சொன்னார்கள்? பொய் சொல்லியிருக்கலாமே?"

நல்ல கேள்வி. தம் சட்டங்களைப் பற்றி அவர்கள் வெட்கப்படவில்லை என்பதே எமக்குத் தோன்றும் முதற்காரணம். கைதானோர் தொகை பெருகப் பெருக, ஆட்சி உறுதியாக நடக்கிறது எனத் தம் வாக்காளர் மகிழ்வர் என்றே அவர்கள் நினைத்திருக்கலாம். பொதுநலன் கருதி வெளியிட இயலாது என்று தட்டிக்கழித்த விடைகளும் உண்டு என்றோம். "அப்போது அம்மையார் என்ன செய்வார்?" என்றான். ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. வெளியிட இயலாது என்ற அந்த விடையும் ஹன்சாட்டில் அச்சாகிவிடும்.