எந்த ஊர்க் கண்டி?

மட்டாஞ்சேரியின் மிளகுக் கிடங்குகளைக் கடப்போர்க்குக் கண்டி என்ற பழைய எடையின் பெயர் நினைவுக்கு வரலாம். சென்னைக் கண்டி 500 இராத்தல்; பம்பாய்க் கண்டி 560 இராத்தல். எந்த ஊர்க் கண்டி என்று கேளாமல் விலை பேசியவர் நட்டப்பட்டிருப்பார். மொழியியல் கற்று, இன்று அறிவியல் எழுத்தின் மொழியை ஆராய்ந்துவரும் எனக்கு, ஒளியியல் ஆய்வேடுகளைப் படிக்கும்போதெல்லாம் இக்கேள்வியே எழுகிறது.

நேரியலற்ற ஒளியியலில் ‘மூன்றாம் வரிசை மின் ஏற்புத்திறன்’ என்பது ஒரே சொல், பொருளோ ஒன்றன்று. எஸ்.ஐ. முறையில் முனைவாக்கத்தின் வரையறையில் வெற்றிடத்தின் விடுதிறன் பெருக்கப்படுகிறது. காஸ் முறையில் அது இல்லை. ஆகவே இ.எஸ்.யு. மதிப்பை எஸ்.ஐ.க்கு மாற்ற ஏறத்தாழ 1.4 × 10⁻⁸ ஆல் பெருக்க வேண்டும். அதனோடு முடிவதில்லை. அலைவீச்சை வரையறுக்கையில் ‘அரை’ என்ற காரணியைச் சேர்ப்பவருக்குக் கெழு முக்கால், சேர்க்காதவருக்கு மூன்று. இரண்டும் சரியே, எது என்று சொல்லியிருந்தால்.

உருவகப்படுத்தலில் சிக்கல் இன்னும் ஆழமானது. எம்.ஐ.டி.யில் உருவான ‘மீப்’ போன்ற மென்பொருளில் ஒளியின் திசைவேகம், வெற்றிடத்தின் விடுதிறன் இரண்டும் 1. நீள அலகை ஒரு மைக்ரோமீட்டர் என்று கொண்டால் கால அலகு 3.33 ஃபெம்டோநொடி ஆகிறது. நேரியல் ஊடகத்தில் இது அழகான ஏற்பாடு: புலத்தை இருமடங்காக்கினால் விடையும் இருமடங்காகும், அவ்வளவே. கெர் விளைவு வந்ததும் இந்தச் சுதந்திரம் போய்விடுகிறது. இப்போது பொருளுடையது ஏற்புத்திறனையும் புலத்தின் இருமடியையும் பெருக்கிய தொகை மட்டுமே.

உருகு சிலிக்காவுக்குப் பாடநூல் தரும் 2.5 × 10⁻²² என்ற எஸ்.ஐ. எண்ணை அப்படியே உள்ளிட்டு, புலவீச்சை 1 என வைத்தால் என்ன நேரும்? கணினியின் இரட்டைத் துல்லியம் ஏறத்தாழ 16 இலக்கங்கள். அந்த எண் 2.16 என்ற மின்காப்பு மாறிலியோடு கூட்டப்படும்போதே மறைந்துவிடும். நிரல் பிழை எதுவும் காட்டாது. நேரியல் விடையை அமைதியாகத் தரும். விளைவு தெரியவில்லையே என்று ஏற்புத்திறனை 0.1, 1 என உயர்த்தினால் படம் கண்ணுக்கு விருந்தாகும். ஆனால் ஒளிவிலகல் எண்ணில் 0.1 மாற்றம் வேண்டுமெனில், சிலிக்காவில் ஒளிச்செறிவு சதுர சென்டிமீட்டருக்கு 300 டெராவாட் அளவில் இருக்க வேண்டும். அதற்கு வெகு முன்பே கண்ணாடி சிதைந்துவிடும்!

அலகற்ற கணக்கீட்டை நான் குறை கூறவில்லை. மேக்ஸ்வெல் சமன்பாடுகளின் இயல்பே அது. குறை, அதை உரைநடையில் பெயர்த்து எழுதாமையில் இருக்கிறது. இது எந்த ஒரு துறைக்கோ பல்கலைக்கழகத்துக்கோ மட்டும் உரியதுமன்று. ‘நெறிப்படுத்திய அலகுகள்’ என்ற ஒற்றைத் தொடரை எழுதிவிட்டு நகர்வது, பொருள் சொல்லாமல் கலைச்சொல்லை வீசுவதற்கு ஒப்பாகும்.

முனைவர் பட்டத் தேர்வாளர்கள் ஒன்றை மட்டும் வற்புறுத்தலாம்: ஒவ்வொரு நேரியலற்ற உருவகப்படுத்தலுக்கும் முனைவாக்கச் சமன்பாட்டை முழுமையாக எழுதி, அருகிலேயே உச்ச ஒளிவிலகல் எண் மாற்றத்தைத் தருக. அந்த மாற்றத்துக்கு அலகில்லை; எந்த முறையில் கணக்கிட்டாலும் ஒரே எண். சிலிக்கா என்று பெயரிட்ட அட்டவணையில் அங்கே 0.1 நின்றால், வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வி அதைப் பற்றியதாகவே இருக்கட்டும்.