ஆறப் பொறுக்காத விரல்கள்

டெபியன் லினக்ஸின் அடுத்த பதிப்பு எப்போது வரும் என்று கேட்டால், அதை உருவாக்கும் தன்னார்வலர்கள் எளிதில் தேதி சொல்வதில்லை. தயாரானதும் வரும், அவ்வளவுதான். 2002 ஜூலையில் 3.0 வந்தது, 3.1 வந்து சேர 2005 ஜூன் ஆயிற்று. ஏறக்குறைய மூன்று வருடம்! அந்த இடைவெளியில்தான், 2004 அக்டோபரில், டெபியனையே அடித்தளமாகக் கொண்டு உபுண்டு பிறந்தது, ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு என்று நாள் குறித்துக்கொண்டு. பொறுமை இழந்தவர்கள் அந்தப் பக்கம் தாவியதில் தப்பில்லை.

ஆனால் அவசரத்துக்கும் விலை உண்டு.

2018 அக்டோபர் 2 அன்று மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் 10-க்கு ஒரு பெரிய அப்டேட்டை வெளியிட்டது. தானாக வரும்வரை காத்திராமல் தேடிப்போய் நிறுவியவர்களில் சிலருக்கு ஆவணங்களும் படங்களும் மாயமாகின. சில நாட்களிலேயே விநியோகம் நின்றது. பிழை திருத்தி மறுபடி வந்தது நவம்பர் 13-இல். சோதனைக் கட்டத்திலேயே சில பயனர்கள் இந்தக் கோளாறைச் சுட்டிக்காட்டியிருந்தார்கள் என்பதுதான் கொடுமை.

பாதுகாப்புத் திருத்தங்களைத் தள்ளிப்போட வேண்டாம். பெரிய பதிப்பு என்றால் மட்டும் கோப்புகளுக்கு ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு, சில வாரம் கழித்து நிறுவுங்கள்.