‘வேலையை நிறுத்து’ என்று தோட்டத்தில் யார் சொல்வது?

1991 மே 7ஆம் தேதி சுங்கை பூலோவில் பிரைட் ஸ்பார்க்லர்ஸ் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்தபோது இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நாட்டையே உலுக்கிய அந்த விபத்துக்குப் பிறகுதான் 1994இல் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது. அதில் செய்யப்பட்ட திருத்தம் 2024 ஜூன் 1 முதல் அமலில் உள்ளது. உடனடி ஆபத்து இருப்பதை முதலாளியிடம் சொல்லியும் நடவடிக்கை இல்லையென்றால் தொழிலாளி அவ்விடத்தை விட்டு விலகலாம். முதலாளிக்கான அதிகபட்ச அபராதம் 50,000 வெள்ளியிலிருந்து 5 லட்சம் வெள்ளியாக உயர்ந்துள்ளது.

இந்த உரிமை கடல் எண்ணெய் மேடைகளுக்குப் புதிதல்ல. 1988 ஜூலை 6இல் வடகடலில் பைப்பர் ஆல்பா மேடை எரிந்து 167 பேர் இறந்தனர். பாதுகாப்பு வால்வு கழற்றப்பட்டிருந்த பம்பை இரவு ஷிப்டுக்காரர்கள் தெரியாமல் முடுக்கிவிட்டனர். பகல் ஷிப்டு சொல்லாமல் விட்ட ஒரு தகவல்தான் அடிப்படை. இன்று பெரிய எண்ணெய் நிறுவனங்களில் கடைநிலை ஊழியரும் வேலையை நிறுத்தச் சொல்லலாம்.

உலு யாம் முதல் கோல சிலாங்கூர் வரை உள்ள செம்பனைத் தோட்டங்களில் ஆபத்து பெரும்பாலும் வெடிப்பதில்லை. மெல்ல உடம்பில் ஏறுகிறது. முதுகில் மருந்துப் பம்பைச் சுமந்து களைக்கொல்லி அடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பாராகுவாட்டைத் தடைசெய்வதாக 2002இல் அரசாங்கம் அறிவித்தது, 2006இல் பின்வாங்கியது, முழுத் தடை 2020 ஜனவரி 1இல்தான் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அதை அடித்தவர்களின் நகமும் தோலும் எந்த விபத்துக் கணக்கில் சேரும்? குலை வெட்டுபவரின் தலையில் 20 கிலோ குலை விழுந்தால் அறிக்கை எழுதப்படும். மயிரிழையில் தப்பினால் அது தேநீர் வேளைப் பேச்சு, அவ்வளவுதான். விமானத் துறையோ தப்பியதையும் எழுதி வாங்கிப் பாடமாக்குகிறது.

வேறுபாடு தலைக்கவசத்தில் இல்லை. மேடை ஊழியர் வேலை முடிந்து சொந்த வீட்டுக்குத் திரும்புகிறார். தோட்டத்தில் வேலையும் வீடும் ஒரே நிர்வாகத்தின் கையில். மண்டோரிடம் ‘முடியாது’ என்றால் அன்றைய கூலி மட்டுமா போகும்? குத்தகையாளரிடம் வேலை செய்யும் இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளிக்குப் பெர்மிட்டும் சேர்ந்தே தொங்குகிறது. சட்டம் தரும் விலகும் உரிமை இவர்களுக்கும் உண்டு, காகிதத்தில்.

ஐவர் வேலை செய்யும் இடத்திலேயே பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்கிறது திருத்தம். 40 பேர் இருந்தால் பாதுகாப்புக் குழு கட்டாயம். அதில் தொழிலாளர் பிரதிநிதிகளும் இருந்தாக வேண்டும். பல இடங்களில் அந்தப் பிரதிநிதி மண்டோராகவே இருப்பதுதான் சிக்கல்.