சொல்லிக்கொடுப்பவருக்கு யார் பரீட்சை வைப்பது?

இரண்டு மாதமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு பரீட்சை நடக்கிறது. எழுதுவது ஒரே ஆள், என் தம்பி மகன். ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் முடித்துவிட்டு ஆறேழு வருடம் வேன் ஓட்டியவன். இப்போது பெரம்பலூரில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் கார் சொல்லிக்கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். கேள்வித்தாள் தயாரிப்பதும் திருத்துவதும் நான். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியாருக்குச் சிவப்பு மைப் பேனாவை மறுபடி கையில் எடுக்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். ஆனால் பரீட்சை வைக்கச் சொல்லிக் கேட்டது அவன்தான்.

சேர்ந்த முதல் வாரம் ஒரு அம்மா கார் பழக வந்திருக்கிறார். பாலக்கரை ரவுண்டானா பக்கம் போகும்போது, "தம்பி, இதுல யாரு முதல்ல போகணும்?" என்று கேட்டிருக்கிறார். இவன், "பெரிய வண்டிக்கு விட்டுடுங்கம்மா" என்று சொல்லிவிட்டான். அந்த அம்மாவும் தலையாட்டிவிட்டார். இவனுக்குத்தான் மனசு ஒப்பவில்லை. அன்று ராத்திரி வந்து கேட்டான்: "பெரியப்பா, நான் சொன்னது சட்டமா, வழக்கமா?"

எனக்கும் தெரியவில்லை. தேடிப் பார்த்தோம். 1989-இல் வந்த சாலை விதிகளை எடுத்துவிட்டு 2017-இல் புது ஒழுங்குமுறை கொண்டுவந்திருக்கிறார்கள். அதன்படி ரவுண்டானாவுக்குள் ஏற்கனவே சுற்றிக்கொண்டிருக்கும் வண்டிக்குத்தான் முன்னுரிமை, நுழைபவர் காத்திருக்க வேண்டும். சிக்னலோ போலீசோ இல்லாத சந்திப்பில் வலது பக்கம் வருகிறவருக்கு வழி விட வேண்டும். சின்ன ரோட்டிலிருந்து பெரிய ரோட்டுக்கு ஏறுகிறவர் நின்று பார்த்துத்தான் ஏற வேண்டும். வண்டியின் பருமனைப் பற்றி அதில் ஒரு பேச்சும் இல்லை. "பெரிய வண்டிக்கு விடு" என்பது உயிர்மேல் ஆசை உள்ளவர்கள் வைத்துக்கொண்ட வழக்கம். பிழைக்க உதவும், மறுக்கவில்லை. ஆனால் சொல்லிக்கொடுப்பவர் இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டாமா?

"இந்த வேலைக்கு உனக்கு என்னடா பரீட்சை வச்சாங்க?" என்று கேட்டேன். சிரித்தான். "லைசென்ஸ் கேட்டாங்க, சர்டிபிகேட் கேட்டாங்க. அவ்வளவுதான் பெரியப்பா."

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 24-ஆவது விதி இதைப் பற்றியது. பயிற்சியாளர் பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும், ஐந்து வருட ஓட்டுநர் அனுபவம் வேண்டும், மோட்டார் மெக்கானிக் சான்றிதழ் வேண்டும், வண்டியின் பாகங்களை விளக்கத் தெரிய வேண்டும், வட்டார மொழியோ ஆங்கிலமோ தெரிய வேண்டும். சாலைக் குறியீடுகளிலும் ஓட்டுநர் விதிகளிலும் முழுமையான அறிவு வேண்டும் என்றும் ஒரு வரி இருக்கிறது. மற்றதற்கெல்லாம் காகிதம் உண்டு. இந்த அறிவு இருக்கிறதா என்று பார்க்க மட்டும் ஒரு எழுத்துத் தேர்வை அந்த விதி சொல்லவில்லை. எல்.எல்.ஆர். வாங்க வருகிற பதினெட்டு வயசுப் பிள்ளை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து 60 சதவீதம் வாங்க வேண்டும். அந்தப் பிள்ளைக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவர் ஒரு கேள்விக்கும் பதில் எழுத வேண்டியதில்லை. எந்தப் பள்ளிக்கூடத்திலாவது இப்படி உண்டா?

இதை லண்டனில் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவரிடம் போனில் சொன்னேன். அவரும் அங்கே இதே வேலைக்குத்தான் முயன்றுகொண்டிருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. மூன்று கட்டத் தேர்வு. முதல் கட்டம் சாலை விதிகள், 100 கேள்விகள், ஒன்றரை மணி நேரம், 85 வாங்கினால் தேர்ச்சி. அதிலும் ஒரு கிடுக்கிப்பிடி. கேள்விகளை நான்கு பகுதியாகப் பிரித்து, பகுதிக்கு 25 என்று வைத்து, ஒவ்வொன்றிலும் குறைந்தது 20 வாங்க வேண்டும் என்கிறார்கள். மொத்தத்தில் 90 வாங்கியவரும் ஒரு பகுதியில் 19 என்றால் போச்சு. கூடவே கம்ப்யூட்டரில் வீடியோ ஓடும். ஆபத்து உருவாகும் நொடியிலேயே கண்டுபிடித்து பட்டனை அழுத்த வேண்டும். ஓட்டப் பழகுகிறவர் அதில் 75-க்கு 44 வாங்கினால் போதும், சொல்லிக்கொடுக்கப் போகிறவருக்கு 57 வேண்டும். இதெல்லாம் தாண்டினால்தான் ஓட்டிக் காட்டும் தேர்வு, அப்புறம் கற்பித்துக் காட்டும் தேர்வு. பயிற்சியாளர் பதிவை அவர்கள் 1964-இல் விருப்பமுள்ளவர்களுக்கு என்று தொடங்கி 1970-இல் எல்லாருக்கும் கட்டாயமாக்கிவிட்டார்கள்.

வெளிநாட்டைக் காட்டி நம்மூரை மட்டம் தட்டுவது எனக்குப் பிடிக்காத பழக்கம். அங்கே ரோட்டில் ஆடு படுத்திருக்காது, மக்காச்சோளமும் காயாது. ஆனாலும் கற்கிறவருக்கு 44, கற்பிக்கிறவருக்கு 57 என்று அவர்கள் போட்ட கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது.

இந்தக் கேள்வி எனக்கு ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்பதற்குக் காரணம் உண்டு.

என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் ஓய்வு பெற்ற கையோடு கார் வாங்கினார். ஒரு டிரைவிங் ஸ்கூலில் பணம் கட்டிப் பழகினார். விதிப்படி குறைந்தது 21 நாள், அதில் கையில் ஸ்டியரிங் பிடித்து ஓட்டுவது 10 மணி நேரம் இருக்க வேண்டும். இவருக்குக் கிடைத்தது 12 காலைகள், ஒரே காரில் நான்கு பேர், ஆளுக்கு இருபது நிமிஷம். கணக்குப் போட்டால் நாலு மணி நேரம். கிளட்சும் கியரும் நன்றாகவே சொல்லிக்கொடுத்தார்கள். அவர் ஒரு சந்தேகம் கேட்டிருக்கிறார்: "எதிரே வர்றவன் ஹெட்லைட்டை அடிச்சா என்ன அர்த்தம்?" பதில் வந்திருக்கிறது: "உங்களுக்கு வழி விடுறான்னு அர்த்தம் சார், போயிடலாம்."

ஆறு மாதம் கழித்து அரியலூர் ரோட்டில் ஒரு கிராமத்துச் சாலையிலிருந்து ஏறும்போது, வலது பக்கத்திலிருந்து வந்த டிப்பர் விளக்கை அடித்தது. வழி விடுகிறான் என்று இவர் ஏறினார். நான் வருகிறேன், நில் என்று அவன் அடித்திருக்கிறான். இருவர் கையிலும் ஆளுக்கொரு அகராதி. நண்பருக்குக் கால் இரண்டு இடத்தில் முறிந்தது. இன்றைக்கும் கைத்தடியோடுதான் நடக்கிறார். காரை விற்றுவிட்டார். அந்த லாரி ஓட்டியவரைத் திட்டிப் பார்த்தேன், பிறகு யோசித்தால் திட்டுவதற்கு ஒன்றுமில்லை. பெரிய ரோட்டில் நேராக வந்தவர் அவர்.

பிரிட்டன் சாலைக் கையேட்டில் இதற்கென்றே எழுதியிருக்கிறார்கள். விளக்கை அடிப்பது நான் இங்கே இருக்கிறேன் என்று தெரிவிக்க மட்டும்தான், யாராவது அடித்தால் அதைப் போகச் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதே என்று. நம் நண்பருக்கு இந்த ஒரு வாக்கியம் கிடைத்திருந்தால் போதும்.

இதைப் போலவே இன்னொன்று. முன்னால் போகிற லாரி வலது இண்டிகேட்டர் போட்டால் என்ன அர்த்தம்? விதிப்படி அவர் வலது பக்கம் திரும்பப் போகிறார் அல்லது விலகப் போகிறார். நம்மூர் லாரிப் பழக்கத்தில், "பாதை காலியாக இருக்கிறது, என்னை முந்திக்கொண்டு போ" என்றும் அர்த்தம். பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும், டிரைவர் வலது கையை வெளியே நீட்டி முன்னும் பின்னும் அரைவட்டமாக ஆட்டுவார். பின்னால் வருகிறவரை முந்தச் சொல்லும் அந்தக் கை சைகை 1989 விதிகளிலேயே இருந்தது. கை உள்ளே போய், கண்ணாடி ஏறி, ஏசி வந்த பிறகு அந்தச் சைகையின் வேலையையும் இண்டிகேட்டர் தலையில் கட்டிவிட்டார்கள் என்று நினைக்கிறேன். ஒரே மஞ்சள் விளக்குக்கு, ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு பொருள். இதைப் புதிதாகப் பழகுகிறவருக்கு யார் எச்சரிக்க வேண்டும்?

2022-ஆம் ஆண்டுக்கான மத்திய அரசின் அறிக்கையில் விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நமக்குத்தான்: தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள், 17,884 பேர் சாவு. அதில் எத்தனை குடி, எத்தனை வேகம், எத்தனை அறியாமை என்று நான் பிரிக்கப் போவதில்லை. ஆனால் சிறுவாச்சூர், ஆலத்தூர் கேட், பாடாலூர் என்று திருச்சி போகும் நாலுவழிச் சாலையில் ஒரு நாள் பேருந்தின் முன் சீட்டில் உட்கார்ந்து பாருங்கள். ராங் சைடில் எதிரே வரும் பைக்குகளை எண்ண முடியாது. அரியலூர் பக்கம் சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர்களோடு பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் போகிறார்கள். டிப்பர் ஓட்டுகிறவரும் பைக் ஓட்டுகிறவரும் யாரிடமோதான் கற்றுக்கொண்டார்கள்.

முதல் ஞாயிறு 50 கேள்வி கொடுத்தேன். பையன் வாங்கியது 27. குறியீடுகளில் பரவாயில்லை. சிவப்பு வட்டம் கட்டளை, முக்கோணம் எச்சரிக்கை, நீலச் சதுரம் தகவல் என்பதெல்லாம் தெரிந்திருந்தது. விபத்து நடந்தால் ஓட்டுநரின் கடமை என்ன என்பதில் வழுக்கினான். சட்டத்தின் 134-ஆவது பிரிவு, அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்ய வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறது. இவன் எழுதியிருந்தது, "உடனே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட வேண்டும்." கூட்டம் அடிக்கும் என்ற பயம் அப்படி எழுத வைக்கிறது. அந்தப் பயத்துக்குச் சட்டமும் இடம் கொடுத்திருக்கிறது, ஆனால் முதல் கடமையைத் தெரிந்துகொண்ட பிறகு அல்லவா விதிவிலக்கு?

என் மதிப்பெண்ணையும் சொல்லிவிடுகிறேன். குறுகலான மலைப்பாதையில் ஏறுகிற வண்டி நிற்க வேண்டுமா, இறங்குகிற வண்டி நிற்க வேண்டுமா என்ற கேள்விக்குப் புத்தகம் பார்ப்பதற்கு முன்னால் நான் நினைத்த விடை தப்பு. இறங்குகிறவர்தான் நிற்க வேண்டும். எத்தனை வருடம் ஸ்கூட்டர் ஓட்டியிருக்கிறேன்!

இன்னொரு கேள்வி: மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறாய், திடீரென்று குறுக்கே மாடு. எத்தனை மீட்டரில் வண்டி நிற்கும்? "பத்து, பதினஞ்சு மீட்டர் பெரியப்பா" என்றான், ஆறேழு வருடம் வேன் ஓட்டியவன். பிரிட்டன் கையேட்டுக் கணக்குப்படி 53 மீட்டர். பிரேக்கில் கால் வைக்கலாம் என்று நினைப்பதற்குள்ளேயே 15 மீட்டர் போய்விடும், அதன் பிறகு 38. நம்பவில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினோம். எங்கள் வாசற்படியிலிருந்து ஆரம்பித்து, பிள்ளையார் கோவிலைத் தாண்டி, மளிகைக் கடையைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டி வரைக்கும் போனது. திரும்பி வாசலைப் பார்த்து நின்றவன், "இவ்வளவு தூரமா?" என்றான். மறுநாளிலிருந்து பழக வருகிறவர்களை எல்லாம் காரிலிருந்து இறக்கி இந்தத் தூரத்தை நடக்க வைக்கிறானாம். முதலாளிக்குக் கொஞ்சம் கடுப்பு.

பயிற்சியாளருக்குத் தேர்வு வேண்டும் என்று நான் சொன்னால் எனக்கு எதிராக என்ன சொல்வார்கள் என்பது தெரியும். ஆசிரியர் தகுதித் தேர்வு 2012 ஜூலையில் நம் மாநிலத்தில் முதன்முதலாக நடந்தபோது ஒரு சதவீதம்கூடத் தேறவில்லை. எத்தனையோ நல்ல வாத்தியார்கள் அதில் அடிபட்டார்கள். 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், ஐந்து வருடத்துக்கு மேல் பணி மீதமுள்ள ஆசிரியர்கள் எல்லாரும் அந்தத் தேர்வை எழுதித் தேற வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னபோது, இருபது வருடம் பாடம் நடத்தியவர்களுக்கு இது என்ன கொடுமை என்று நானே பேசினேன். இப்போது டிரைவிங் ஸ்கூல்காரருக்கு மட்டும் பரீட்சை கேட்கிறேனே என்றால், ஆமாம், கொஞ்சம் முரண்தான். பரீட்சை என்று வந்தால் அதற்கும் ஒரு புரோக்கர் முளைப்பார் என்பதும் தெரிந்ததுதான்.

அதனால் வேலையைப் பறிக்கிற மாதிரி கேட்கவில்லை. டிரைவிங் ஸ்கூல் உரிமம் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படுகிறது. அப்போது அங்கே வேலை பார்க்கும் பயிற்சியாளர்கள் எல்லாரும் தமிழில் 100 கேள்விக்குப் பதில் எழுதட்டும். எல்.எல்.ஆர். கம்ப்யூட்டர் ஏற்கனவே இருக்கிறது, அதிலேயே எழுதலாம். 85 வாங்காதவர் மூன்று மாதம் கழித்து மறுபடி எழுதட்டும், அதுவரை வேலையில் இருக்கட்டும். கேள்விகள் நம் ஊர்ச் சாலையைப் பற்றி இருக்கட்டும். வாங்கிய மதிப்பெண்ணை ஸ்கூல் வாசலில் கட்டணப் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டட்டும். பணம் கட்ட வருகிறவர் பார்த்துக்கொள்வார்.

2021 ஜூலையிலிருந்து அங்கீகாரம் பெற்ற பெரிய பயிற்சி மையங்கள் வரலாம் என்று விதி செய்திருக்கிறார்கள். காருக்கு 29 மணி நேரம், அதில் 8 மணி நேரம் வகுப்பறைப் பாடம். நல்ல திட்டம். ஆனால் கார் பயிற்சிக்கே ஒரு ஏக்கர் நிலம் வேண்டும். நம் ஊரில் ஒரு ரூம், ஒரு பழைய மாருதி, ஒரு போர்டு என்று நடத்துகிறவர் ஏக்கருக்கு எங்கே போவார்? பெரும்பாலானவர்கள் இன்னும் பல வருடம் இவர்களிடம்தான் பழகப் போகிறார்கள், நம் பேரப்பிள்ளைகள் உட்பட. பேரப்பிள்ளை என்ன, ஓய்வுக்குப் பிறகு கார் வாங்கும் நாமும்தான்.

எட்டாவது ஞாயிறு பையன் 44 வாங்கினான். மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு, "லண்டன்காரர் கணக்குக்கு இது எவ்வளவு?" என்று கேட்டான். நூற்றுக்கு 88 என்றேன். அந்த வினாத்தாளைக் கைத்தடி நண்பரிடமும் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதாகப் படித்தார். 31-ஆவது கேள்வி ஹெட்லைட் பற்றியது. அதில் கொஞ்சம் நேரம் நின்றார். பிறகு என் பேனாவை வாங்கி, கேள்வியின் ஓரத்தில் "இதற்கு இரண்டு மதிப்பெண் போடவும்" என்று எழுதிக் கொடுத்தார்.