மூத்த பாதையும் இளைய பாதையும்

இந்த வாரம் சென்னை ரயில்வே டிவிஷனின் சரித்திரத்தை எழுதப் போகிறோம் என்றதும், நேயர்களில் சிலர் பக்கத்தைப் புரட்டி விடக்கூடும். காரியாலயத்துக்குச் சரித்திரம் ஏது என்பது அவர்கள் எண்ணம். கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளுக்குக் காலை ஷிப்டு வேலைக்குப் போகிறவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள்.

1856-ஆம் வருஷம் ஜூலை 1-ந் தேதி, தென்னிந்தியாவின் முதல் பிரயாணி வண்டி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில் ஓடிற்று. திருவள்ளூர் அந்தப் பாதையில் உள்ள ஊர். பாதை போட்டவர்கள், லண்டனில் பங்கு சேர்த்த மதராஸ் ரயில்வே கும்பினியார். அவர்கள் போட்ட முதலுக்கு 4½ முதல் 5 சதம் வரையில் வட்டி நிச்சயம் என்று சர்க்கார் ஜாமீன் கொடுத்திருந்தது. வருமானம் குறைந்தால், குறைந்த தொகையை இந்தியாவின் வரிப்பணத்திலிருந்து இட்டு நிரப்ப வேண்டும். ஆகவே, ரயிலைக் கண்ணாலும் பார்த்திராத குடியானவன்கூட ரயில் சத்தம் கொடுத்தவனே! நஷ்டமே வராத வியாபாரம் யாருக்குத்தான் கசக்கும்?

கும்மிடிப்பூண்டிக்கு ரயில் வருவதற்கு மேலும் 43 வருஷம் சென்றது. விஜயவாடாவிலிருந்து கிழக்குக் கரையோரமாக இறங்கிய பாதை 1899-ல்தான் சென்னையை எட்டியது. 1908-ல் கும்பினி மதராஸ் அண்டு சதர்ன் மராட்டா ரயில்வே ஆயிற்று. சுதந்திரத்துக்குப் பின், 1951 ஏப்ரல் 14-ல், தெற்கு ரயில்வே பிறந்தது. 1956-ல் அதை டிவிஷன்களாகப் பிரித்தார்கள். 1966-ல் தென் மத்திய ரயில்வே உண்டானபோது விஜயவாடா டிவிஷன் அதனுடன் போய்விட்டது. கூடூரை ஒட்டி எல்லை விழுந்தது.

இந்த எல்லையில்தான் விஷயம் இருக்கிறது. ஹௌராவிலிருந்தும் டில்லியிலிருந்தும் வரும் வண்டிகள் வேறொரு ரயில்வேயின் கட்டளையில் ஓடி, கூடூரில் சென்னை டிவிஷனின் கைக்கு வருகின்றன. ஒன்று தாமதித்து வந்தால், சென்னைக் கண்ட்ரோல் அறையில் இருப்பவர் அதற்கு வழி தேடியாக வேண்டும். கரி வண்டிகளும் சரக்கு வண்டிகளும் வேறு வரிசையில் நிற்கின்றன. யாரை ஒதுக்குவது? உள்ளூர் வண்டியைத்தான். ஏழைக்கு இடம் கேட்கத் தெரியாது அல்லவா?

1979-ல் இரு பாதைகளுக்கும் மின்சார வண்டி வந்தது என்பது உண்மையே. ஆனால் மூத்த பாதைக்கு அரக்கோணம் வரையில் நான்கு தடங்கள் கிடைத்திருக்க, இளைய பாதைக்கு அத்திப்பட்டு வரைதான் நான்கு. அதற்கு வடக்கே, ஆலைகள் நெருங்கிய பகுதியில், இரண்டு தடங்களிலேயே அத்தனை வண்டிகளும் நெடுங்காலம் ஓடி வந்திருக்கின்றன. தொழிலை ஓரிடத்திலும் தடங்களை வேறிடத்திலும் வளர்ப்பது என்ன கணக்கோ, நமக்கு விளங்கவில்லை.

2024 அக்டோபர் 11-ந் தேதி இரவு, மைசூருவிலிருந்து தர்பங்காவுக்குச் சென்ற பாக்மதி எக்ஸ்பிரஸ், கவரப்பேட்டையில் நேர்ப் பாதையில் போக வேண்டியது, பக்கத்துத் தடத்தில் புகுந்து, நின்றிருந்த சரக்கு வண்டியில் மோதிற்று. பலர் காயமடைந்தார்கள், தெய்வாதீனமாக உயிர்ச்சேதம் இல்லை. வடக்கே செல்லும் வண்டிகளை அரக்கோணம், ரேணிகுண்டா வழியாக, அதாவது மூத்த பாதையின் வழியாக, சுற்றி அனுப்பினார்கள். கும்மிடிப்பூண்டி உள்ளூர் வண்டிக்குச் சுற்றிப் போக வேறு வழி கிடையாது.