விடுவது வேறு, பிடுங்குவது வேறு

வேலை போனால் நல்லதுதானாம். உள்ளே தூங்கிக் கிடக்கிற திறமையைத் தட்டி எழுப்ப வந்த நேரமாம் அது. பிடித்த தொழிலைத் தேடிக்கொள்ளலாம், சொந்தக் காலில் நிற்கலாம், வளரலாம், நிறைவு காணலாம். தன்னம்பிக்கைப் புத்தகம் விற்கிறவர்கள் இதை ரொம்ப நாளாகச் சொல்கிறார்கள். சொல்லட்டும், அது அவர்கள் பிழைப்பு. அரசாங்கமும் சொல்கிறபோது, நம்மவர்களே சொல்கிறபோது சும்மா இருக்க முடியவில்லை.

நானும் சொன்னவன்தான். ஒரு மாணவர் விடுதியில் பேசக் கூப்பிட்டார்கள். போனேன், பேசினேன், கைதட்டலும் வாங்கினேன். கூட்டம் கலைந்த பிறகு ஒரு மாணவி வந்தாள். "அண்ணா, எங்கம்மா குப்ப அள்ளுற வேல. இப்ப நின்னுடுச்சி. நீங்க சொன்னதையெல்லாம் வீட்ல போயி அம்மாகிட்ட சொல்லவா?" கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. இதுதான் அந்தப் பதில். தாமதமாக வருகிறது.

2025 ஆகஸ்டில் சென்னையில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவுப் பணியைத் தனியாருக்குக் கொடுத்தார்கள். பல வருசமாக அந்தத் தெருக்களைக் கூட்டியவர்கள், பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் தலித்துகள், ரிப்பன் மாளிகை வாசலில் நடைபாதையில் உட்கார்ந்தார்கள். 13 நாள். பணி நிரந்தரம் கேட்டார்கள். 23 ஆயிரத்தை ஒட்டி வாங்கிய மாதச் சம்பளம் ஒப்பந்தக் கம்பெனியில் 16, 17 ஆயிரமாக இறங்கிவிடும் என்றார்கள். உயர்நீதிமன்றம் அப்புறப்படுத்தச் சொன்னது. 13-ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் வந்து அள்ளிக்கொண்டு போனது. குப்பையை அள்ளியவர்களையே அள்ளிய ராத்திரி அது.

மறுநாள் அமைச்சரவை கூடியது. தூய்மைப் பணியாளர்களுக்கு நலத்திட்டங்கள் அறிவித்தது. இலவசக் காலை உணவு, காப்பீடு, பிள்ளைகள் படிக்க உதவித்தொகை. கூடவே சொந்தத் தொழில் தொடங்கக் கடன், அதில் 3.5 லட்சம் வரை மானியம். வேலை கேட்டவளுக்கு டிபன். சம்பளம் கேட்டவளுக்குக் கடன். ராத்திரி கையைப் பிடித்து இழுத்த அரசு, விடிந்ததும் முதலாளி ஆகச் சொன்னது.

அதே நாட்களில் தலித் இயக்கத்துக்குள்ளேயிருந்தும் ஒரு குரல் கேட்டது. பணி நிரந்தரம் கேட்பது குப்பை அள்ளுகிறவர்களைக் குப்பையிலேயே நிரந்தரமாக நிறுத்துவது ஆகாதா? அந்தத் தொழிலிலிருந்து மீட்பதுதானே நம் வேலை?

இதை எதிரியின் கேள்வி என்று தள்ளிவிட மாட்டேன். தொழிலைப் பிறப்போடு கட்டிய முடிச்சை அறுக்க வேண்டும் என்று நமக்குச் சொல்லித்தந்தவர் அம்பேத்கர். அவரிடமிருந்து வருகிற கேள்வி இது. ஆனால் ஒன்றைப் பாருங்கள், தோழர். தனியார் கம்பெனிக்குக் கூட்ட வந்தது யார்? அய்யரும் முதலியாருமா வரிசையில் நின்றார்கள்? அதே சேரி. அதே துடைப்பம். துடைப்பம் கை மாறவில்லை, கூலிதான் குறைந்தது. இதற்குப் பெயர் மீட்பா?

என் வீட்டுக் கதையைச் சொல்லாமல் இதைப் பேசினால் நேர்மை ஆகாது. என் அப்பா ஒரு நகராட்சியில் நிரந்தரத் துப்புரவுத் தொழிலாளி. மாசம் பொறந்தா சம்பளம். வருசத்துக்கு ஒரு இன்கிரிமெண்ட். உடம்புக்கு முடியலன்னா மெடிக்கல் லீவு. நான் காலேஜில் சேர்ந்தபோது பி.எஃப்.பில் லோன் போட்டார். "இந்த நாத்தம் என்னோட போவட்டும்டா" என்பார். போனது. அவரைத் துரத்திவிட்டு யாரோ "வளர்ந்துக்கோ" என்று சொன்னதால் போகவில்லை. அவர் வேலை நிரந்தரமாக இருந்ததால் போனது. நிரந்தரம் அவரைத் துடைப்பத்தோடு கட்டிப்போட்டது என்பது உண்மை. அதே நிரந்தரம்தான் என்னை அவிழ்த்துவிட்டது. அவர் ஒப்பந்தக் கூலியாக இருந்திருந்தால் பத்தாவதோடு நான் அந்தத் தள்ளுவண்டியைப் பிடித்திருப்பேன்.

நிரந்தரத்துக்குள் ஒரு பொறியும் இருக்கிறது, அதையும் மறைக்க வேண்டாம். அப்பன் செத்தால் வாரிசு வேலை என்று பட்டம் படித்த பிள்ளையின் கையிலும் அதே துடைப்பத்தைத் திணிக்கிற கொடுமை நம் தெருக்களில் நடந்திருக்கிறது. அதை எதிர்ப்போம். ஆனால் பொறியை உடைக்கிறேன் என்று சொல்லிச் சோற்றுச் சட்டியை உடைக்காதீர்கள்.

சரி, சொந்தத் தொழிலுக்கு வருவோம். நான் வங்கிக் குமாஸ்தா. கவுண்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்து பார்க்கிறவன். மானியக் கடனுக்கு வருகிற நம் சனத்திடம் என்னவெல்லாம் கேட்கிறார்கள் தெரியுமா? கொட்டேஷன் எங்கே, திட்ட அறிக்கை எங்கே, கடை வாடகை ஒப்பந்தம் எங்கே, உன் பங்குப் பணம் எங்கே? சிறுதொழில் கடனில் குறிப்பிட்ட தொகை வரை பிணையம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. தாளில்தான் கேட்கக் கூடாது, வாயால் கேட்கலாம். "கவர்மெண்ட் வேலைல இருக்கறவங்க யாரையாவது ஜாமீனுக்குக் கூட்டிட்டு வாம்மா." வேலை போனவளிடம் வேலையில் இருக்கிறவனைக் கேட்கிறது வங்கி! குழுக் கடனில் முன்பு ஒரு தவணை தவறியிருந்தால் சிபில் காட்டிக்கொடுத்துவிடும். மானியமாவது கைக்கு வருமா? பல திட்டங்களில் வராது. அது வங்கியிலேயே தனிக் கணக்கில் கிடக்கும். கடனை ஒழுங்காகக் கட்டி வந்தால் கடைசியில் கழித்துக்கொள்வார்கள்.

இவ்வளவும் தாண்டிக் கடை போட்டாலும் வாங்குகிறவன் யார்? ஊர்த்தெருவில் அருந்ததியப் பெண் சுடுகிற இட்லியை எத்தனை பேர் வந்து தின்பார்கள்? கையால் மலம் அள்ளுவதை 1993-ல் ஒரு சட்டமும் 2013-ல் இன்னொரு சட்டமும் தடை செய்தன. விட்டவர்களுக்கு மறுவாழ்வு என்ன? ஒரே ஒரு தடவை 40 ஆயிரம் ரூபாய் ரொக்கம். அதற்கு மேல் வேண்டுமானால் தொழிற்பயிற்சி, தொழில் கடன். எத்தனையோ தலைமுறைக் கணக்கை 40 ஆயிரத்தில் முடித்துவிட்டார்கள்.

சந்தைக்குச் சாதி கிடையாது என்கிறவர்களுக்கு அம்பேத்கரின் வாழ்க்கையையே காட்டலாம். கொலம்பியாவில் படித்துவிட்டு 1917-ல் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஆபீசில் பியூன்கள் கோப்பைத் தூர நின்று வீசினார்கள். தங்கியிருந்த பார்சி விடுதிக்குத் தடியோடு வந்து துரத்தினார்கள். ஒண்ட இடமில்லாமல் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு பம்பாய்க்கு ரயிலேறினார். வேலை போனது. பம்பாயில் பங்கு வியாபாரிகளுக்கு ஆலோசனை சொல்ல ஒரு நிறுவனம் தொடங்கினார். அதாவது சொந்தத் தொழில். படிப்பில் குறையா, திறமையில் குறையா? நடத்துகிறவர் தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். மூட வேண்டியதாயிற்று.

பிறகு எது அவரைத் தூக்கி நிறுத்தியது? 1918-ல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் கிடைத்த பேராசிரியர் வேலை. அரசுக் கல்லூரி, மாதம் 450 ரூபாய். அங்கேயும் பொதுப் பானையில் அவர் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று சக பேராசிரியர்கள் சிலர் முறுக்கினார்கள். ஆனாலும் சம்பளம் வந்தது. அதில் மிச்சம் பிடித்த காசு, கோலாப்பூர் சாகு மன்னர் செய்த உதவி, ஒரு நண்பரிடம் வாங்கிய கடன், மூன்றும் சேர்ந்துதான் 1920-ல் அவரைத் திரும்ப லண்டனுக்கு அனுப்பின. அதற்கு முன்பே அந்த வருசம் ஜனவரியில் 'மூக்நாயக்' பத்திரிகை வந்துவிட்டது. வேலை போனதால் அவர் வளரவில்லை. வேலை போன பிறகும் வளர்ந்தார். இரண்டும் ஒன்றல்ல.

அப்படி வளர்வதற்குத் தனியாளின் தன்னம்பிக்கை போதாது. மாதச் சம்பளம் வேண்டும், கூட ஆள் வேண்டும், பேச ஒரு மேடை வேண்டும். 2002-ல் சாலைப் பணியாளர்கள் சுமார் 10 ஆயிரம் பேரை ஒரே உத்தரவில் வீட்டுக்கு அனுப்பினார்கள். 41 மாதம் வேலை இல்லை. சங்கமாக நின்றார்கள், கோர்ட்டுக்குப் போனார்கள், 2006-ல் வேலையைத் திரும்ப வாங்கினார்கள். அந்த 41 மாதத்தையும் பணிக்காலமாகச் சேர் என்று அதற்குப் பிறகும் விடாமல் கேட்டார்கள். வேலை போன பிறகு மனிதர்கள் எப்படி வளர்கிறார்கள் என்று பாடம் நடத்த வேண்டுமானால் இதை நடத்துங்கள்.

ஆகவே நாம் கேட்க வேண்டியது இது. குப்பை அள்ளுகிறவர் அள்ளுகிற வரைக்கும் நிரந்தரமும் முழுச் சம்பளமும். விட நினைக்கிறவருக்குக் கடன் அல்ல, அரசின் வேறு துறையில் அதே சம்பளத்தில் வேறு வேலை. எந்திரம் வந்தால் அதை ஓட்டுகிற வேலை முதலில் அவருக்கு. வாரிசு வேலை என்றால் படிப்புக்கேற்ற வேலை. துடைப்பத்தைக் கீழே போடுகிற நாளைத் தொழிலாளிதான் தீர்மானிக்க வேண்டும், டெண்டர் அல்ல.

தங்கச்சி, அன்று நான் மேடையில் பேசியதை அம்மாவிடம் சொல்லாதே. "நீ தோத்துப் போவல, உன்ன ஏமாத்திட்டாங்க" என்று சொல். சங்கக் கூட்டத்துக்கு அம்மாவோடு நீயும் போ. படிப்பை மட்டும் எதற்காகவும் நிறுத்தாதே. பீஸ் கட்டக் காசில்லை என்றால் என்னைப் போல அந்தத் துடைப்பத்தின் நிரந்தரத்தில் படித்து வேலைக்கு வந்தவர்களிடம் வந்து கேள். கூச்சப்படாதே. அது தர்மம் இல்லை, நாங்கள் திருப்பிக் கட்ட வேண்டிய கடன்.