சேமிப்பைச் சரிபார்ப்பது யார்?

அரசுக் கட்டடங்களின் மின் செலவைக் குறைக்க அரசு ஒரு ரூபாய்கூட முன்பணம் தர வேண்டாம். தனியார் நிறுவனமே பழைய குளிரூட்டிகள், கொதிகலன்கள், விளக்குகளை மாற்றித் தரும். குறையும் மின் கட்டணத்திலிருந்து பல ஆண்டுகளில் தன் முதலீட்டை வசூலித்துக்கொள்ளும். கேட்பதற்கு இனிமையான இத்திட்டத்தை அமெரிக்க மத்திய அரசு பல ஆண்டுகளாகவே பின்பற்றி வருகிறது. அங்கு இத்தகைய ஒப்பந்தங்கள் 25 ஆண்டுகள் வரை நீடிக்கலாம்.

இதில் அடங்கியுள்ள தொகை சிறியதன்று. 1995 முதல் 2014 வரை ஏழு அரசுத் துறைகள் செய்துகொண்ட 500-க்கும் மேற்பட்ட ஒப்பந்தங்களுக்காக ஏறத்தாழ 1,200 கோடி டாலர் செலுத்த வேண்டியிருக்கும் என்று அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் 2015-இல் தெரிவித்தது.

சிக்கல் எங்கே இருக்கிறது? செலவான மின்சாரத்தை மீட்டர் காட்டும். சேமிக்கப்பட்ட மின்சாரத்தை எந்த மீட்டரும் காட்டாது. பழைய கருவிகளே தொடர்ந்திருந்தால் எவ்வளவு செலவாகியிருக்கும் என்ற மதிப்பீட்டிலிருந்து இன்றைய செலவைக் கழித்துத்தான் சேமிப்பு கணக்கிடப்படுகிறது. அந்தக் கணக்கைப் போட்டு ஆண்டறிக்கை தருவதும் பணம் பெறும் ஒப்பந்ததாரரே.

தணிக்கை அலுவலகம் ஆராய்ந்த 20 திட்டங்களில் 14-இல் சேமிப்பு ஓரளவேனும் மிகைப்படுத்திக் காட்டப்பட்டிருந்தது. இதை மோசடி என்று சொல்லிவிட முடியாது. கட்டடம் மூடப்பட்டது, இடிக்கப்பட்டது, கருவி அகற்றப்பட்டது, பணி நேரம் மாறியது போன்ற, ஒப்பந்ததாரரின் கட்டுப்பாட்டில் இல்லாத காரணங்களால் கைக்கு வராத சேமிப்பும் கணக்கில் சேர்ந்திருந்தது. அரசின் முடிவால் ஏற்படும் இழப்பை ஒப்பந்ததாரர் தலையில் சுமத்துவது நியாயமன்று என்ற வாதம் சரியே. ஆனால், இழப்பை ஏற்கும் அரசுக்கு அதன் அளவாவது தெரிந்திருக்க வேண்டாமா? ஒப்பந்ததாரரின் அளவீடுகளை நேரில் கவனிப்பதிலும் அறிக்கைகளைச் சரிபார்ப்பதிலும் துறைகள் ஒரே சீராக நடந்துகொள்ளவில்லை என்பதே தணிக்கையின் முக்கியக் குறை.

இது அமெரிக்காவுக்கு மட்டும் உரிய பாடமன்று. இந்தியாவில் மத்திய அரசு 2015-இல் தொடங்கிய தெருவிளக்குத் திட்டமும் சேமிப்பிலிருந்து தவணை செலுத்தும் முறையை அடிப்படையாகக் கொண்டதே. இம்முறையைக் கைவிட வேண்டியதில்லை. முதலீடு செய்ய இயலாத துறைகளுக்கு அது பயன்தரும் வழியே. ஆனால், மதிப்பீட்டின் அடிப்படை ஒப்பந்தத்திலேயே தெளிவாக இருக்க வேண்டும். கைக்கு வராத சேமிப்பு அறிக்கையில் தனியாகக் காட்டப்பட வேண்டும். அளவீட்டின்போது அரசுப் பொறியாளர் உடனிருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட அதிகாரி 25 ஆண்டுகளுக்குள் ஓய்வுபெற்றுவிடுவார். தவணை மட்டும் மக்கள் வரிப்பணத்திலிருந்து தொடரும். அதுவரை கணக்கைக் கவனிக்கும் பொறுப்பு தனிமனிதரிடம் அல்ல, அமைப்பிடம் இருக்க வேண்டும்.